அக்கா சொன்ன திகதிகள்

ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேட்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியை நான் கேட்டேன். அதன் பிறகு எட்டு மாதங்கள் நடந்தவற்றை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். எங்கள் மாடியின் தாதி பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். வயது முப்பத்தேழு. வேலையில் அவர் எனக்கு மேலே. மருந்து அலுமாரியின் திறப்பு அவரிடம்தான் இருக்கும். ஆனாலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். 'குயா' என்பார். அவர்கள் மொழியில் அண்ணன். நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். ஆனால் அவர் சொன்னவை எனக்குள் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்குள் பழக்கம் வந்தது குறொன்லாண்டில், ஒரு பலசரக்குக் கடையின் உறைபெட்டிக்கு முன்னால். கடைசியாகக் கிடந்த முருங்கையிலைப் பொதிக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். அவர்கள் அதைக் கோழிச் சூப்பில் போடுவார்களாம். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவிக்கு அவரைப் பிடிக்கும். வந்தவுடன் கேட்காமலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிற விருந்தாளி இந்த நாட்டில் வேறு ஆர் இருக்கினம் என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். அக்காவின் மகளை வருகிற கோடையில் மூன்று மாதம் இங்கே சுற்றிப் பார்க்கக் கூப்பிட வேண்டும், அழைப்புக் கடிதம் எழுதித் தர முடியுமா என்றார். வேலையிடத்தில் எல்லோருடைய கடிதங்களும் என்னிடம்தான் வரும். திகதிகளை நான் ஒழுங்காக எழுதுவேன் என்ற பெயர் எனக்கு. பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டேன். யூன் மாதத்தில் ஒரு நாளைச் சொன்னார். பெரிய சூறாவளி அடித்த நாள் என்று சேர்த்துச் சொன்னார். அந்த யூனோடு பதினெட்டு வயது நிறைகிறது.

சூறாவளி என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் நாளேடு எழுதுகிறவன். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் மாடியில் இருந்த ஒரு நோர்வேஜிய மூதாட்டிக்கு அவர் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலின் விரிப்பை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த மூதாட்டிக்கு எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நினைவில் நிற்காது. 'உனக்குப் பிள்ளை இருக்கிறதா?' என்று கேட்டார். 'ஓம், ஒரு பெட்டை. சூறாவளிக்குள்ளை பிறந்தவள், ஆசுப்பத்திரியிலை கரண்ட் இல்லை' என்று இவர் பதில் சொன்னார். மறந்துவிடுகிறவர்களிடம் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போய் நான் அதை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

"அது உம்முடைய பிள்ளைதானே?" என்று கேட்டேன்.

அவர் பாணை மேசையில் வைத்தார். கதவைப் பார்த்தார். பிறகு, "பத்திரத்திலை அக்காவின்ரை பிள்ளை, குயா" என்றார்.

மிச்சத்தை அந்த வாரம் துண்டு துண்டாகச் சொன்னார். பத்தொன்பது வயதில், கன்னியாஸ்திரிகள் நடத்திய தாதியர் கல்லூரியில் படிக்கும்போது கர்ப்பமானார். பிள்ளையின் தகப்பன் ஏற்கெனவே கல்யாணம் செய்தவர். மனைவியைப் பிரிந்து பல வருடங்களாகத் தனியே இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டத்தில் விவாகரத்து இல்லை. ஆகவே அவர் இன்னொருத்தியின் கணவராகவே இருந்தார், இன்றும் இருக்கிறார். கல்லூரிக்குத் தெரிந்தால் படிப்பு முடிந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. அக்காவின் கணவர் கப்பலில். வீட்டுக்காரர் எல்லோரும் ஒரு மத்தியானம் கூடிக் கதைத்தார்கள். பிள்ளை பிறந்ததும் அக்காவின் பெயரிலும் அத்தானின் பெயரிலும் பதிவு செய்தார்கள். இரண்டு கிழமையில் இவர் கல்லூரிக்குத் திரும்பினார். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. பிள்ளை ஒரே வீட்டில்தானே வளரப்போகிறது. பிள்ளை அக்காவை 'நானாய்' என்றும் இவரை 'மம்மா' என்றும் கூப்பிடப் பழகியது. இரண்டும் அம்மாதான்.

பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது இவர் ஒஸ்லோவுக்கு வந்தார். ஒரு நோர்வேஜியக் குடும்பத்தோடு தங்கி அவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கும் விசாவில், இரட்டைப் பையன்களுக்கு உடுப்புப் போட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற வேலை. அதோடு மொழி படித்து, தாதிப் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளச் செய்து, நிரந்தர வதிவிடமும் எடுத்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். அழைப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை மூன்று மாதம் வந்து, நீண்ட பகல்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். நான் சொன்னது வேறு. சொந்த மகள் என்றால் மூன்று மாதம் எதற்கு, பதினெட்டு நிறைவதற்கு முதல் விண்ணப்பித்தால் இங்கேயே வந்து இருக்கலாமே, மரபணுப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடுமே என்றேன். அவர் முகத்தில் அதற்குப் பிறகு வந்த மாற்றத்தை நான் ஒரு நாளும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நன்றாக நினைவிருக்கிறது. பதினேழு வருடமாக ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆசையை நான்தான் வெளியே எடுத்து விரித்தேன்.

நொவெம்பரில் இலவசச் சட்ட ஆலோசனை தரும் ஓர் இடத்துக்கு அவரோடு போனேன். ஓர் இளம் பெண் சட்டத்தரணி கவனமாகக் கேட்டுவிட்டு மூன்று விஷயங்கள் சொன்னார். ஒன்று, யூனுக்கு முன் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். இரண்டு, பத்திரத்தில் தாயாக இருக்கும் அக்கா, தான் பெற்றவள் அல்ல என்று சத்தியக் கடதாசி முடித்துத் தர வேண்டும். மூன்றாவதைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"முதன்முதல் இங்கே வந்தபோது, அந்த விசாப் படிவத்தில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருப்பார்களே. என்ன எழுதினீர்கள்?"

பிள்ளை உள்ளவர்களுக்கு அந்த விசா கிடையாது. இவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பத்திரப்படி அது உண்மை. இப்போது மகள் என்று கேட்டால் அந்த 'இல்லை' பொய்யாகிவிடும். இவருடைய வதிவிடத்தையே மீள்பரிசீலனைக்கு எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் சட்டத்தரணி.

திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தப் படிவத்தை இன்னும் வைத்திருப்பார்களா? வைத்திருப்பார்கள் என்றேன். இந்த நாட்டில் எந்தக் கடதாசியும் தொலையாது. அதை நான் எனக்காகவும் சொன்னேன். என்னுடைய நோர்வேஜியப் பத்திரங்களில் உள்ள பிறந்த திகதி, என்னைக் கொண்டுவந்த முகவர் தந்த கடவுச்சீட்டில் இருந்த திகதி. உண்மையானதற்கு இரண்டு வருடம் பிந்தியது. திருத்தக் கேட்கப் பயந்து, அப்படியே விட்டுவிட்டேன். வேலையிடத்தில் அந்தத் திகதிக்கு எனக்குக் கேக் வெட்டுவார்கள். நானும் மெழுகுதிரியை ஊதி அணைப்பேன்.

ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. பிள்ளையோடு தனக்கு இருந்த தொடர்பைக் காட்ட ஒரு கால வரிசை வேண்டும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். டிசெம்பர் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கினோம். அவர் ஒரு பச்சை நிறக் கடதாசிக் கோவையைக் கொண்டுவந்தார். உள்ளே பாத வரைபடங்கள். ஒவ்வொரு வருடமும் வீட்டுக்குப் பெரிய அட்டைப்பெட்டியில் சாமான் அனுப்பும்போது சப்பாத்து வாங்க அளவு வேண்டுமே. அக்கா பிள்ளையின் காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, திகதி போட்டு அனுப்புவாராம். பதினொரு பாதங்கள். ஆறு வயதுப் பாதத்தில் பெருவிரல் பக்கம் கோடு நெளிந்திருந்தது. "கூச்சத்திலை காலை இழுத்திட்டாள்" என்றார். மனைவி அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு பயணங்கள். பதினொரு வருடத்தில் நான்கு முறை போயிருந்தார். விமானச் சீட்டுகளைப் பார்த்து நாட்களைக் கூட்டினேன். நூற்று முப்பத்தொன்று. கூட்டியிருக்கக் கூடாது. எண்ணை நான் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அடியில் கோடு போட்டு எழுதிவிட்டேன், அவர் அதைப் பார்த்துவிட்டார்.

குடும்பத்தைப் பற்றி நான் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். பழைய பெரிய குடும்பம் உடைந்து, தாய் தகப்பன் பிள்ளைகள் என்ற சின்னக் குடும்பமாகச் சுருங்குகிறது என்று அந்தப் புத்தகங்கள் சொல்லும். எங்கள் வீட்டுக்கு அது பொருந்தும்; எங்கள் இரண்டு பிள்ளைகளும் பத்தொன்பது வயதில் இந்த நாட்டு முறைப்படி வெளியே போய், இப்போது மூன்று அறை வீட்டில் நாங்கள் இருவர். இவருடைய குடும்பம் சுருங்கவில்லை, இழுபட்டிருக்கிறது. சகோதர சகோதரிகள் ஐந்து பேர் ஐந்து நாடுகளில், ஒரு மைத்துனர் கடலில். ஞாயிறு பூசையை ஆளுக்கொரு தொலைபேசியில் ஒன்றாகப் பார்க்கிறார்கள். ஆர் வீட்டில் நிற்கிறாரோ அவர் தாய். ஆர் போகிறாரோ அவர் பெட்டி அனுப்புகிறவர். ஓர் அக்கா வீட்டில் நிற்பதால்தான் மற்றவர்கள் போக முடிகிறது. இதை எழுத விண்ணப்பப் படிவத்தில் இடம் இல்லை. தாயின் பெயர் என்று ஒரு பெட்டிதான் இருக்கிறது.

சத்தியக் கடதாசி பற்றி அக்காவிடம் கேட்டது டிசெம்பரில். அக்கா மறுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்றார். பிறகு கணவர் கப்பலிலிருந்து வரட்டும் என்றார். பிறகு மழைக்குக் கூரை ஒழுகுகிறது என்றார். தை போய் மாசி போனது. தங்கை வற்புறுத்தவில்லை. வற்புறுத்த உரிமை இல்லை என்பதுபோல ஒவ்வொரு ஞாயிறும் கூரையைப் பற்றி விசாரித்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டார்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் எல்லாரையும் கேக்கிறியள். அந்தப் பிள்ளையை ஆரும் கேட்டனீங்களோ?"

நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். ஒருவரும் கேட்கவில்லை. அப்போதே தொலைபேசியில் எடுத்தார். திரையில் பிள்ளையும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பிள்ளைக்குத் தாயின் நெற்றி. ஆனால் சிரிக்கும்போது வாயைப் பொத்துவது அக்காவைப் போல. எல்லாம் அதற்குத் தெரிந்தே இருந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை.

வர விருப்பமா என்று தாய் கேட்டார். பிள்ளை சொன்ன பதிலை எங்களுக்கு மாற்றிச் சொன்னார்: "நானாய் கையெழுத்து வைச்சால் வாறன்."

அக்காவிடம் கேட்டார். "பிள்ளைக்கு விருப்பமெண்டால் வைக்கிறன்."

இருவரும் இவரைப் பார்த்தார்கள். இவர் சொன்னார்: "உங்கள் ரெண்டு பேருக்கும் சம்மதமெண்டால்தான் நான் குடுப்பன்."

அழைப்பு முடிந்ததும் மனைவி என் பக்கம் திரும்பினார். "எங்கடை ஆக்களேதான். ஒருத்தரும் தன்ரை வாயாலை வேணும் எண்டு சொல்லமாட்டினம். மற்றவை சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பினம்." இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து அக்காவிடமிருந்து செய்தி வந்தது. கையெழுத்து வைக்கிறேன், ஆனால் நீங்கள் எழுதுகிற கால வரிசையில் என்னுடைய திகதிகளும் வர வேண்டும். திகதி எழுதுகிற அந்த ஆளிடம் நானே சொல்கிறேன்.

அப்படித்தான் ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிறுகளும் போயின. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். அக்காவிடம் பழைய நாட்காட்டிகள் இருந்தன, கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பவை, ஒன்றையும் எறியவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிச் சொன்னார். தங்கை ஒவ்வொரு வசனமாக மாற்றினார். நான் எழுதினேன்.

பிறந்து பதினைந்தாம் நாள், தங்கை பேருந்து ஏறிய பிறகு, பிள்ளை போத்தல் பாலைக் குடிக்க மறுத்து, அடுத்த நாள் விடியத்தான் குடித்தது. நான்கு வயதில் டெங்குக் காய்ச்சல், ஒன்பது நாள் ஆசுப்பத்திரி. கட்டிலுக்குக் கீழே அட்டை விரித்து அக்கா படுத்திருந்தார். முதல் பால் பல்லைக் கூரை மேல் எறிந்த நாள். கூரைக்கு எறிவதா என்று என் மனைவி கேட்டார். எங்கள் வழக்கமும் அதுதான். பெரியபிள்ளையான நாளில் வீட்டுப் படியின் மூன்றாவது தட்டிலிருந்து குதிக்கச் செய்தது. அப்படிக் குதித்தால் மாதாமாதம் மூன்று நாளோடு நின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளை பயந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததாம். மனைவி அதற்குச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

"எந்தத் திகதி எண்டு எழுதினனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"எனக்கு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் சொன்னவை. நான் அந்த நேரம் இஞ்சை கோடை லீவிலை நிண்டனான். வேலை இருக்கேல்லை. சும்மா இருந்தனான்."

அவர்கள் பள்ளிக்கூடங்களில் பரிசு வாங்கும் பிள்ளைக்குத் தாய்தான் மேடை ஏறிச் சட்டையில் பரிசுப் பட்டியைக் குத்திவிட வேண்டும். அக்கா ஏழு முறை ஏறியிருக்கிறார். ஏழு திகதிகள். கடைசி முறை செருப்பு வார் அறுந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் ஏறினாராம். அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அக்கா ஒருபோதும் குரலை உயர்த்தவில்லை, குறை சொல்லவில்லை. திகதி, பிறகு நடந்தது, பிறகு அடுத்த திகதி. என்னைப் போலவே ஓர் ஆள். மே மாதத் தொடக்கத்தில் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்தபோது தாயின் பகுதி ஒரு பக்கமும் கொஞ்சமும் வந்தது. அக்காவின் பகுதி ஒன்பது பக்கம். தாய் என்று நிரூபிப்பதற்காகத் தொடங்கிய கோவை வேறு ஒன்றை நிரூபித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது மூன்றாவது ஞாயிறே தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். எனக்கு வரிசை முழுதாக வர வேண்டும் என்பதே பெரிதாக இருந்தது.

மே நடுப்பகுதியில் சத்தியக் கடதாசி வந்தது. அக்காவின் கையெழுத்து பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போல் ஒவ்வொரு எழுத்தாக நின்றது. அந்தப் பிள்ளையை நான் பெறவில்லை என்று ஒரே ஒரு வசனம். மே கடைசிச் செவ்வாய் காலை விண்ணப்பம் கொடுக்க நேரம் எடுத்திருந்தோம்.

அதற்கு முந்திய ஞாயிறு அவர் வந்து, முழுவதையும் எங்கள் மேசையில் இருந்து வாசித்தார். வாசித்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தேநீர் ஆறிப்போனது. பிறகு கேட்டார்.

"குயா, அக்காவின்ரை பக்கங்களை எடுத்துப்போட்டுக் குடுக்கலாமோ?"

சட்டப்படி அவை தேவையே இல்லை. எடுக்கலாம் என்பதுதான் சரியான பதில். ஆனால் அக்கா அந்தப் பக்கங்களுக்காகத்தான் கையெழுத்து வைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். நீரே எடும், நான் எடுக்கமாட்டேன் என்றேன். கோழையின் பதில். அவர் பக்கங்களைப் பிரிக்கவில்லை. கோவையை மூடி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, என் மனைவியோடு போய்ப் பாத்திரம் கழுவினார்.

திங்கட்கிழமை மருந்து அறையில் வைத்துச் சொன்னார். நேரத்தை ரத்துச் செய்துவிட்டாராம்.

"இதைக் குடுத்தால் அக்கா பதினேழு வருசம் பொய்த் தாய் எண்டு ஆகும். அவ அதிலை கையெழுத்தும் வைச்சிட்டா. என்னாலை கொண்டுபோய்க் குடுக்க ஏலாது."

வதிவிடத்துக்குப் பயந்தாரா, அக்காவுக்காகவா, அந்த நூற்று முப்பத்தொன்றைப் பார்த்த பிறகு தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டதா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஒக்டோபரில் ஒரு கேள்வி கேட்டது போதும். அக்காவிடம் சொல்லியாயிற்று என்றார். அதற்கு அக்கா, கூரை திருத்தியாயிற்று என்றாராம். பிள்ளைக்கு என்று நான் தொடங்க, பிறந்தநாள் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் அன்று சமைத்துக்கொண்டிருந்த கறியை இறக்கிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"மூண்டு மாசத்துக்கு வந்திட்டுப் போற பிள்ளையை இப்ப அதுக்கும் இல்லாமல் ஆக்கிப்போட்டு இருக்கிறியள். உங்களை ஆர் திகதி பாக்கச் சொன்னது?"

அழைப்புக் கடிதம் இனியும் எழுதலாம் என்றேன். அக்கா தன் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்த பிறகு, அக்காவின் மகள் என்று எந்தக் கடிதத்தில் எழுதுவீர்கள் என்று மனைவி கேட்டார்.

யூன் மாதத்தில் அந்த நாள் ஒரு சனிக்கிழமை. எனக்கும் தாதிக்கும் காலை வேலை. மூன்றரைக்கு உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறையில் அவர் இருந்தார், என்னையும் கூப்பிட்டார். அங்கே இரவு ஒன்பதரை. பெண் பிள்ளைக்குப் பதினெட்டு என்பது அவர்களுக்கு எங்கள் சாமத்திய வீடு மாதிரிப் பெரிய கொண்டாட்டம். பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றி வாழ்த்துச் சொல்ல வேண்டும். வரிசையைப் பிள்ளைதான் போட்டிருந்தாள். தாய் பதினேழாவது. இங்கிருந்து அவர் வாழ்த்துச் சொல்ல, அங்கே யாரோ அவருக்காகத் திரியை ஏற்றினார்கள். பதினெட்டாவதை அக்கா ஏற்றினார், வாழ்த்துக்குப் பதிலாகப் பிள்ளையின் தலையில் கை வைத்தார். பிறகு கமராவிலிருந்து விலகப் போனார், தாயும் மகளும் தனியே கதைக்கட்டும் என்று.

"நில்லுங்கோ அக்கா, போகவேண்டாம்" என்று இவர் சொன்னதாகத்தான் இவருடைய கைச் சைகையிலிருந்து எனக்குப் புரிந்தது. அக்கா நின்றார்.

பிள்ளை நீல உடுப்பில் இருந்தாள். தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் கண்டதால் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். தோழி ஒருத்தி தடித்த குளிர் ஜக்கெட் ஒன்று பரிசாகத் தந்ததாகவும், அந்த ஊர் வெக்கையில் அதைப் போட்டுப் பார்த்து எல்லோரும் சிரித்ததாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தாயிடம் கேட்டாள். விண்ணப்பம் யூனுக்கு முன் போய்ச் சேர்ந்ததா?

அவளுக்குப் பின்னால் அக்கா கேக் வெட்டத் தொடங்கினார்.

"குடுத்தாச்சு" என்றார் தாய். "பாத்துக்கொண்டிருக்கினம்."

பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்தது. அவள் விரும்பினாள். மார்ச் மாதத்தில் சொல்லாததை அந்த முகம் அன்று சொல்லியது. இவர் அதைப் பார்த்தார், நான் பார்த்தேன், அக்காவும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார். அந்தப் பதிலைத் திருத்த எங்கள் மூவருக்கும் ஒரு கணம் இருந்தது. மூவரும் மற்றவர் பேசட்டும் என்று நின்றோம்.

அவள் என் பக்கம் தொலைபேசியைத் திருப்பினாள். திகதி எழுதுகிறவர் நீங்கள்தானே என்று கேட்டுச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"அங்கிள், எவ்வளவு காலம் எடுக்கும்?"

தாயின் முழங்கை என் கையோடு ஒட்டியிருந்தது. அது அசையவில்லை.

"ஒரு வருசம் எடுக்கும்" என்றேன். "சில நேரம் கூடவும் எடுக்கும்."

அவள் மேசையில் எதையோ தேடி எடுத்து எழுதிக்கொண்டாள்.

"அப்ப வாற யூன்" என்றாள்.